பாலே கலைஞராக வாழ்வது: 8 வயது முதல் 42 வயது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸ் ஓப்பராவின் பாலே குழுவில் சேரும் ஒருவருக்குத் தம் மேடை வாழ்க்கை எப்போது முடியும் என்பது சேரும் அன்றே தெரியும். 42 வயதில் ஆணும் பெண்ணும் ஓய்வூதியத்துடன் மேடையை விட்டு இறங்குகிறார்கள். ஒரு வக்கீலுக்கோ மருத்துவருக்கோ தொழில் சூடுபிடிக்கும் வயது அது. இந்தக் கலைஞரோ அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தினமும் சுவரோரப் பயிற்சிக் கம்பியைப் பிடித்து நின்று முடித்திருப்பார்.

பாலேயைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் பிள்ளையும் பெற்றோரும் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். இங்கே ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வயது இருக்கிறது. கால்விரல் நுனியில் எழுவதற்கு ஒரு வயது, வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு வயது, வேலை தேடுவதற்கு ஒரு வயது. ஆர்வம் குறைந்து தோற்றவர்களைவிட, எந்த வயதில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் தோற்றவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியை வயது வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: 8 முதல் 11 வயது வரை

எட்டு வயதுக்கு முன் நடப்பது விளையாட்டு. தாளத்துக்குக் குதிப்பது, கையைக் காற்றில் வீசுவது, வரிசையில் நிற்கப் பழகுவது. மூன்று வயதில் சேர்க்கவில்லையே என்று எந்தப் பெற்றோரும் வருந்த வேண்டியதில்லை.

எட்டுக்கு மேல்தான் உண்மையான வாசல் திறக்கிறது. பாரிஸ் ஓப்பராவின் நடனப் பள்ளி 1713-இல் தொடங்கியது. 1987 முதல் நகருக்கு வெளியே நாந்தேரில் இயங்குகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் செல்லமாகச் 'சின்ன எலிகள்' என்பார்கள். ஆண்டுதோறும் தேர்வு உண்டு. தேறாத பிள்ளை வீடு திரும்ப வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாகனோவா அகாடமி அதைவிட 25 ஆண்டு இளையது, 1738-இல் தொடங்கியது. அங்கே பத்து வயதையொட்டிச் சேர்க்கிறார்கள். லண்டன் ராயல் பாலே பள்ளியின் கீழ்ப்பள்ளி, ரிச்மண்ட் பூங்காவுக்குள் இருக்கும் ஒயிட் லாட்ஜ் மாளிகையில் 11 வயதில் பிள்ளைகளை எடுக்கிறது.

இந்தத் தேர்வுகளில் முதலில் பார்ப்பது உடலை. இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்புறமாகத் திரும்புகிறது, பாதத்தின் வளைவு எப்படி, கால், உடல், கழுத்து இவற்றின் அளவுப் பொருத்தம் என்ன, காது இசையைப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பரதநாட்டியத்தின் அரைமண்டியைப் பழகியவர்களுக்கு இந்தத் திருப்பம் புரியும். பாலே அதே திருப்பத்தை முழங்கால் நிமிர்ந்த நிலையிலும், ஒற்றைக் காலிலும், குதித்து இறங்கும்போதும் கேட்கிறது. அது தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கும் விதத்தைப் பொறுத்தது. பயிற்சியால் ஓரளவு கூட்டலாம். எலும்பை மாற்ற முடியாது. இடுப்பு தராத திருப்பத்தை முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி வாங்கப் பார்த்தால் அந்த மூட்டுகள் பதினெட்டு வயதுக்குள் கெட்டுவிடும். ஆகவே இந்தத் தேர்வில் நிராகரிக்கப்பட்ட குழந்தையிடம் "நீ சரியாக ஆடவில்லை" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் அளந்து பார்த்தது எலும்பைத்தான்.

உலகப் பள்ளிகளின் பெயர்களைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது தங்கள் ஊர் வகுப்பில்தான். அந்த வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். கான்கிரீட் மேல் டைல்ஸ் பதித்த கூடத்தில் குதிக்கக்கூடாது. அடியில் மரச்சட்டம் கட்டி, அதன் மேல் பலகை வைத்து, அதற்கும் மேல் வினைல் விரிப்புப் போட்ட, சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் தரை வேண்டும். நம் ஊர்க் கல்யாண மண்டபத் தரையில் பத்து வயதுப் பிள்ளை வாரம் நான்கு நாள் குதித்தால் முதலில் கெஞ்சுவது முழங்கால் கீழ் எலும்பு. அடுத்து ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வயதில் பாயின்ட் ஷூ, அதாவது கால்விரல் நுனியில் நிற்க அணியும் காலணி, கொடுப்பீர்கள்? "எட்டு வயதில் கொடுத்துவிடுவோம்" என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லி வெளியே வந்துவிடுங்கள்.

பயிற்சி மரபுகள் பல: ரஷ்ய வாகனோவா, இத்தாலிய செக்கெட்டி, டென்மார்க்கின் பூர்னோன்வீல், லண்டனில் 1920-இல் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் அமைப்பின் பாடத்திட்டம். எதில் தொடங்கினாலும் குறையில்லை. ஆனால் மூன்றாண்டுக்குள் மூன்று மரபு மாறினால் கையும் தலையும் குழம்பிப்போகும். கிரேடு தேர்வுகளில் வாங்கும் மதிப்பெண் ஆசிரியர் பணிக்கு உதவும். ஒரு பாலே கம்பெனி வேலை கொடுக்கும்போது அதைக் கேட்காது. வகுப்பில் நிற்கவைத்துப் பார்க்கும்.

தாமதமாகத் தொடங்கியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ரஷ்ய பாலே நட்சத்திரம் ருடால்ஃப் நூரயெவ், அன்று லெனின்கிராட் எனப்பட்ட செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாகனோவா பள்ளிக்குள் நுழைந்தபோது 17 வயது. மிஸ்டி கோப்லேண்ட் 13 வயதில் தொடங்கி, 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பினப் பெண் பிரின்சிபல், அதாவது முதன்மைக் கலைஞர், ஆனார். டெல்லியில் ரிக்‌ஷா ஓட்டுநரின் மகன் கமல் சிங் 17 வயதில் தொடங்கி, 2020-இல் பொதுமக்கள் திரட்டித் தந்த பணத்தில் லண்டன் இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளிக்குப் போனார். இவர்களைக் காட்டி ஆறுதல் தேடலாம், திட்டம் போடக்கூடாது. நூரயெவ் சிறுவயதிலிருந்தே நாட்டுப்புற நடனம் ஆடியவர். மூவருக்குமே இயல்பான உடல்வாகு இருந்தது, தங்களைக் கண்டுகொண்ட ஓர் ஆசிரியரும் இருந்தார். பையன்களுக்குத் தாமதம் கொஞ்சம் மன்னிக்கப்படும், எண்ணிக்கையில் குறைவு என்பதால். பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை.

இரண்டாம் படி: கால்விரல் நுனி

பாயின்ட் ஷூ அணிய 11, 12 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் சில ஆண்டு ஒழுங்கான பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். வயதைவிட வலு முக்கியம். ஒற்றைக் காலில் நின்று, முழங்கால் மடங்காமல், குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்க முடிகிறதா? கணுக்கால் பக்கவாட்டில் சாயாமல் நிற்கிறதா? பாதத்தை நீட்டினால் முன்காலுடன் (முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியுடன்) ஒரே கோட்டில் வருகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால்தான் கடைக்குப் போக வேண்டும்.

இந்தக் காலணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பாலே பெண்மணியின் வாழ்நாளில் கணவரைவிட, பிள்ளைகளைவிட அதிக நேரத்தை அதுதான் எடுத்துக்கொள்ளும். விரல்களைச் சூழ்ந்திருக்கும் கடினமான பகுதிக்குள் இரும்போ மரமோ கிடையாது. கோணித்துணி, காகிதம், பசை இவற்றை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது அது. உள்ளங்காலுக்குக் கீழே விறைப்பான ஓர் அட்டை, வெளியே சாட்டின் துணி. லண்டனில் 1929-இல் தொடங்கிய ஃப்ரீட் நிறுவனத்தில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் தம் முத்திரையை அடிப்பாகத்தில் பதிப்பார்: ஓர் எழுத்து, ஒரு கிரீடம், ஒரு மீன். கலைஞர்கள் தங்கள் காலை அறிந்த அந்த முத்திரைக்காரரை விடமாட்டார்கள். அவர் ஓய்வு பெற்றால் இவர்கள் கலங்கிப் போவார்கள்.

புதுக் காலணி வந்ததும் அதை அப்படியே யாரும் போடுவதில்லை. ஒரு கலைஞர் தரையில் கால் நீட்டி உட்கார்கிறார். முதலில் அடி அட்டையைப் பின்பக்கத்திலிருந்து பிய்த்து, கத்தரியால் முக்கால் நீளத்துக்கு வெட்டுகிறார். பெட்டிபோல் இருக்கும் முன்பகுதியைக் குதிகாலால் மிதித்துத் தளர்த்துகிறார். நுனியிலிருக்கும் வழுக்கும் சாட்டினை வட்டமாக அறுத்தெடுக்கிறார். சிலர் அந்த விளிம்பைச் சுற்றித் தடித்த நூலால் தைப்பார்கள். நாடாவையும் எலாஸ்டிக்கையும் தம் கணுக்காலுக்குச் சரியான கோணத்தில் தாமே தைக்கிறார். கடைசியாக மாடிப்படிக்குப் போய், சிமெண்ட் விளிம்பில் காலணியை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். இந்தக் கடைசி வேலை சத்தத்துக்காக. பரதத்தில் பாதம் தரையில் பேச வேண்டும். தட்டடவு கேட்காவிட்டால் அது அடவே இல்லை. பாலேயில் இருபத்து நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் இறங்கினாலும் அரங்கில் வயலின் மட்டுமே கேட்க வேண்டும். அதற்காகத்தான் படிக்கட்டில் அந்த அடி.

இவ்வளவு செய்த காலணி, வியர்வையில் பசை இளகி, கனமான ஒரு வேடத்தில் ஒரே இரவில் செத்துப்போகும். கம்பெனியில் சேர்ந்தபின் காலணிச் செலவு கம்பெனியுடையது. மாணவியாக இருக்கும்வரை பெற்றோருடையது. பதினைந்து வயதுக்கு மேல் குடும்பத்துக்கு இது பெரிய செலவாக வளரும், முன்பே ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் படி: 16 முதல் 19 வரை

இந்த மூன்று ஆண்டுகள்தாம் மொத்த வாழ்க்கையையும் தீர்மானிக்கின்றன. இப்போது பிள்ளை ஒரு தொழிற்பள்ளியின் மேல்வகுப்பில் முழுநேரமாக இருக்க வேண்டும். ராயல் பாலே பள்ளியின் மேல்பள்ளி கோவென்ட் கார்டனில், ஓப்பரா ஹவுஸுக்கு எதிரே இருக்கிறது. தெருவுக்கு மேலே நான்காம் மாடி உயரத்தில் ஒரு முறுக்கிய பாலம் இரண்டையும் இணைக்கிறது. அதைக் கடந்து தினமும் ஒத்திகைக்குப் போகும் மாணவர்களில் சிலரே சம்பளத்துக்குக் கடப்பார்கள்.

வெளிநாட்டுப் பள்ளிக்குள் நுழைய நேர்வழி ஒன்று நேரடித் தேர்வு, இன்னொன்று போட்டி. போட்டிகளில் நான் முதலில் சொல்வது 1973-இல் தொடங்கிய ப்ரீ தெ லோஸான். ஸ்விட்சர்லாந்தில் ஆண்டுதோறும் நடக்கிறது, 15 முதல் 18 வயதினருக்கு. நடுவர்கள் மேடையில் ஆடும் இரண்டு நிமிடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. நாள்கணக்கில் வகுப்பில் வைத்துக் கவனிக்கிறார்கள். பரிசு என்பது பணமுடிப்பு மட்டுமன்று, ஒரு பெரிய பள்ளியிலோ கம்பெனியிலோ ஓராண்டு இடம். ஹவானாவில் லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்த கார்லோஸ் அகோஸ்டா 1990-இல் இங்கே தங்கப் பதக்கம் வென்றார். தெருவில் சுற்றாமல் இருக்கவும், மதியச் சாப்பாடு கிடைக்கவும் அவரைப் பாலே பள்ளியில் சேர்த்திருந்தார் தந்தை. பின்னர் ராயல் பாலேயின் முன்னணி ஆண் கலைஞராகப் பல ஆண்டுகள் ஆடி, 2020-இல் பர்மிங்ஹாம் ராயல் பாலேயின் இயக்குநரானார்.

நியூயார்க்கின் யூத் அமெரிக்கா கிராண்ட் ப்ரீயும் இதைப் போன்றதே. பதக்கத்துக்காகப் போகாதீர்கள். அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் பள்ளி இயக்குநர்களுக்காகப் போங்கள். பதக்கமே வாங்காத பிள்ளைகள் பலர் உதவித்தொகையுடன் திரும்பியிருக்கிறார்கள்.

நான்காம் படி: தேர்வு அறை

பள்ளி முடியும் ஆண்டின் குளிர்காலத்தில் வேலைதேடல் தொடங்குகிறது. ஐரோப்பாவில் ஜனவரி முதல் மார்ச் வரை நெரிசல் அதிகம். முதலில் அனுப்ப வேண்டியவை ஒரு பக்கத் தன்விவரம், படங்கள், காணொளி. படங்களில் அரபெஸ்க் நிலை, அதாவது ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னே உயர்த்தும் நிலை, ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மேடை உடை, அலங்காரம் எதுவும் வேண்டாம், உடலின் கோடு தெரியும் எளிய உடை போதும். காணொளியில் கம்பி வேலை, கம்பியை விட்டுக் கூடத்தின் நடுவில் செய்யும் வேலை, ஒரு தனிநடனம். முதல் முப்பது விநாடியில் மிகச் சிறந்ததை வையுங்கள், பார்ப்பவர் அதற்கு மேல் பொறுத்திருக்கமாட்டார். அழைப்பு வந்தபின்தான் ரயிலுக்கும் விமானத்துக்கும் பணம் செலவழியுங்கள். பயணச் செலவு பெரும்பாலும் உங்களுடையது.

அந்த அறை எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், முதல் தடவை போகிறவர் அதிர்ந்துபோகக்கூடாது. மார்பில் ஊக்கால் குத்திய எண். இனி அதுதான் உங்கள் பெயர். ஒரு கம்பியில் ஐந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர். பியானோ தொடங்குகிறது: ப்ளியே, தாந்தூ, ரோன் தெ ழாம்ப். எட்டு வயதிலிருந்து செய்த அதே அசைவுகள். மேசைக்குப் பின்னால் மூவர் தாளில் எதையோ குறிக்கிறார்கள். நாற்பது நிமிடத்தில் கம்பி வேலை முடிகிறது. ஒருவர் எழுந்து எண்களைப் படிக்கிறார், படிக்கப்பட்டவர்கள் இருக்கலாம், மற்றவர்களுக்கு நன்றி. இரவெல்லாம் ரயிலில் வந்தவர்கள், ஒரு குதி குதித்துக் காட்டாமலே பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். காரணம் யாரும் சொல்வதில்லை. உயரம் இரண்டு அங்குலம் கூடியிருக்கலாம். அந்தக் கம்பெனிக்கு அந்த ஆண்டு தேவைப்பட்டது ஒரே ஓர் ஆணாக இருந்திருக்கலாம். இப்படிப் பத்து, பதினைந்து அறைகளுக்குப் போய்த்தான் பெரும்பாலோர் முதல் வேலையைப் பெறுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. பயிற்சிக் கலைஞர் என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு மேடையில் ஆடவைக்கும் இடங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. கட்டணம் கட்டி ஆடும் அந்த ஓராண்டு தன்விவரத்தில் ஒரு வரியாகும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே டிக்கெட் விற்று நடக்கும் நிகழ்ச்சிக்கு உங்கள் உழைப்பு இலவசம், கூடவே பணமும் நீங்கள் தருகிறீர்கள். ஓராண்டுக்கு மேல் அப்படி இருக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ராயல் பாலேயின் இளம் கலைஞர் திட்டம், அமெரிக்கன் பாலே தியேட்டரின் ஸ்டூடியோ கம்பெனி போன்ற நேர்மையான நுழைவுப் படிகளை முதலில் முயலுங்கள்.

ஐந்தாம் படி: கம்பெனிக்குள்

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் முதலில் போய் நிற்பது கூட்ட நடனத்தில், கோர் தெ பாலேயில். இதைப் பலரும் காத்திருப்பு அறையாக நினைக்கிறார்கள். எனக்கு அது பாலேயின் உயிர்நாடி. 'லா பாயதேர்' என்ற பாலேயின் நிழல்களின் காட்சியைப் பாருங்கள். மரியுஸ் பெத்திபா 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்தது, கதை நடப்பது இந்தியாவில், நாயகி ஒரு கோயில் நடனக்காரி. (அதற்குக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் முன்பே, 1838-இல், திருவேந்திபுரத்திலிருந்து போன தேவதாசிகள் பாரிஸில் ஆடினார்கள், அதை நேரில் பார்த்து உருகி எழுதியவர் 'ஜிசெல்' பாலேயின் கதையை ஆக்கிய தியோஃபில் கோத்தியே.) இருட்டிலிருந்து வெள்ளை உடுத்திய ஒரு பெண் சரிவில் இறங்கி வருகிறாள். அரபெஸ்கில் ஒரு கால் பின்னே உயர்கிறது, பின் உடல் பின்புறம் வளைகிறது, இரண்டடி நடை. அவளுக்குப் பின் இன்னொருத்தி. பெரிய கம்பெனிகளில் 32 பேர். கடைசிப் பெண் மேடைக்கு வரும்வரை முதல் பெண் அதே அசைவை முப்பது தடவைக்கு மேல், சரிவில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு முறைகூட ஆடாமல் செய்தாக வேண்டும். தனியாடல் ஆடுபவர் தடுமாறினால் அது அவருடைய இரவு. இங்கே ஒருத்தி தடுமாறினால் 32 பேருடைய இரவும் போயிற்று.

நாள் எப்படிப் போகும்? காலை பத்து அல்லது பத்தரைக்கு வகுப்பு, ஒன்றேகால் மணிநேரத்துக்குக் குறையாது. நேற்றுச் சேர்ந்தவரும் இருபது ஆண்டு நட்சத்திரமும் அதே கம்பியில் அதே ப்ளியே செய்கிறார்கள். நண்பகலிலிருந்து மாலை வரை ஒத்திகை; ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு பாலேக்கள் ஓடிக்கொண்டிருக்கலாம். நிகழ்ச்சி நாள் என்றால் ஏழு, ஏழரைக்குத் திரை உயரும். பதினொரு மணிக்குக் கால்களை ஐஸ் வாளியில் வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாடு. டிசம்பரில் 'நட்கிராக்கர்' என்ற கிறிஸ்துமஸ் பாலேயின் பருவம் வந்தால், வாரக்கணக்கில் சில நாள் இரண்டு காட்சி. அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றுக்கு ஆண்டின் டிக்கெட் வருமானத்தில் பெரிய பங்கு அந்த ஒரு மாதத்தில்தான் வருகிறது.

பதவி உயர்வு நாட்டுக்கு நாடு வேறு. லண்டனில் ஆர்ட்டிஸ்ட், ஃபர்ஸ்ட் ஆர்ட்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், பிரின்சிபல் என்று இயக்குநர் உயர்த்துவார். பாரிஸில் படிகள் காட்ரீ, கொரிஃபே, சுஜே, ப்ரெமியே தான்சோர். நெடுங்காலமாக இவற்றை ஏற நடுவர் முன் போட்டியில் ஆடிக் காட்ட வேண்டும், சக கலைஞர்களே போட்டியாளர்கள். ஐந்தாம் படியான எத்துவால், அதாவது நட்சத்திரம், போட்டியால் கிடைக்காது. நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் ஓயும்முன் ஓப்பராவின் தலைவர் மேடையேறிப் பெயரை அறிவிப்பார். சில்வி கில்லெம் 1984-இல் அப்படி அறிவிக்கப்பட்டபோது வயது 19. 2023 மார்ச்சில், சியோலில் 'ஜிசெல்' முடிந்தபின், கியோம் தியோப் பெயர் சொல்லப்பட்டது. பாரிஸ் ஓப்பராவின் முதல் கறுப்பின எத்துவால் அவர். இடையில் ஒரு படியைத் தாண்டி நேராக நட்சத்திரமானார்.

தோலின் நிறம் பற்றி நம் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசிவிட வேண்டும். பாலேயின் 'தோல்நிறம்' என்பது நூற்றாண்டுகளாக இளஞ்சிவப்புதான். காலும் காலணியும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பது அதன் நியாயம். மாநிறக் கால் கொண்டவருக்கு அந்தக் கோடு கணுக்காலிலேயே அறுந்துவிடும். அதனால் கறுப்பினக் கலைஞர்கள் ஒவ்வொரு இரவும் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்சில் எடுத்துக் காலணி முழுவதும் பூசி வந்தார்கள், தங்கள் நேரத்திலும் தங்கள் பணத்திலும். ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறப் பாயின்ட் ஷூவை 2018-இல்தான் கொண்டுவந்தது, லண்டனின் பாலே பிளாக் குழுவுடன் சேர்ந்து. பாரிஸில் தியோப் உள்ளிட்ட கலைஞர்கள் 2020-இல் ஓர் அறிக்கை எழுதி, தங்கள் நிறத்துக்கேற்ற உடையும் காலணியும் கேட்டு வாங்கினார்கள். இன்று ஒரு தமிழ்ப் பெண் தன் நிறத்தில் காலணி வேண்டும் என்று கேட்டால் அது உரிமையாகக் கேட்பது. தயங்காமல் கேட்கட்டும்.

ஆறாம் படி: உடம்பைக் காப்பது

காயம் வரும். பாதத்தின் வெளிப்புற எலும்பு முறிவுக்கு மருத்துவர்கள் வைத்த பெயரே 'நடனக்காரர் முறிவு'. கணுக்காலின் பின்புறம் நசுங்குதல், குதிநாண் வீக்கம், முன்காலில் அழுத்த முறிவு, ஆண்களுக்குத் தூக்கும் வேலையால் முதுகுவலி. வலியை மறைத்து ஆடுவதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய தவறு. மறைத்தவருக்கு ஆறு வாரத்தில் ஆற வேண்டியது ஆறு மாதமாகும். டேவிட் ஹால்பெர்க், 2011-இல் மாஸ்கோவின் போல்ஷோய் குழுவில் பிரின்சிபலாகச் சேர்ந்த முதல் அமெரிக்கர், 2014-இல் கணுக்காலுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆட முடியவில்லை. கடைசியில் மெல்போர்னுக்குப் போய் ஆஸ்திரேலியன் பாலேயின் மருத்துவக் குழுவிடம் தம்மை ஒப்படைத்து, அடிப்படையிலிருந்து நடக்கவும் குதிக்கவும் பழகி, மீண்டும் மேடையேறினார். 2021-இல் அதே ஆஸ்திரேலியன் பாலேக்கு இயக்குநரானார். சேரப்போகும் கம்பெனியில் நிரந்தரப் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று சம்பளத்தைக் கேட்கும் அதே மூச்சில் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து தட்டில் இருக்கிறது. மெலிந்திருக்க வேண்டும் என்று உணவைக் குறைத்தால், உழைப்புக்கு வேண்டிய சக்தி இல்லாமல் உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண்களுக்கு முதலில் நிற்பது மாதவிடாய். அது நின்றால் எலும்பு அடர்த்தி குறையும்; குறைந்த எலும்பு முறியும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். "ஆடுகிற பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும் ஆசிரியர் தெரியாமல் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார்.

ஏழாம் படி: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸின் தேசியக் குழுவான பாரிஸ் ஓப்பராவில் நிரந்தர மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. ஜெர்மனியில் அரசு மானியத்தில் இயங்கும் அரங்குகள் ஏராளம், அதனால் முதல் வேலைக்கு நல்ல நாடு. ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கானது. அடுத்த பருவம் வேண்டாமென்றால் அக்டோபர் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. புது இயக்குநர் வந்தால் குழுவில் பாதிப்பேருக்கு அந்தக் கடிதம் வரலாம். அமெரிக்காவில் ஒப்பந்தம் ஆண்டின் எல்லா வாரங்களுக்கும் கிடையாது. மீதி வாரங்களில் கலைஞர்கள் வகுப்பு எடுப்பார்கள், வெளியூரில் விருந்தினராக ஆடுவார்கள். ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை: எத்தனை வாரம் சம்பளம், காயமானால் எத்தனை வாரம், விசா யார் பொறுப்பு, காலணி யார் பொறுப்பு.

எட்டாம் படி: இறங்குவது

பிரிட்டிஷ் பாலே நட்சத்திரம் மார்கோ ஃபொன்டெய்ன் 42 வயதில் ஓய்வை நெருங்கியதாக எல்லோரும் நினைத்தபோது, 1962-இல் 23 வயது நூரயெவுடன் சேர்ந்து ஆடத் தொடங்கி, மேலும் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆடினார். அது அதிசயம். பெரும்பாலோருக்கு 35-இலிருந்து குதிகால் பேசத் தொடங்கும். ஆகவே 25 வயதிலேயே இரண்டாம் வேலைக்கான படிப்பைத் தொடங்கிவிடுங்கள்: ஆசிரியர் பயிற்சி, பிசியோதெரபி, ஒளியமைப்பு, கணக்கு, எதுவானாலும். இங்கிலாந்தில் டான்சர்ஸ் கரியர் டெவலப்மென்ட் என்ற அறக்கட்டளை இதற்கென்றே கலைஞர்களுக்குப் பணமும் ஆலோசனையும் தருகிறது.

ஒப்பந்தமே கிடைக்காமல் இருபதில் நின்றுபோனவர்களுக்கும் கற்றது வீணாகாது. ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று தூண்டியவர் பாவ்லோவாதான். 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியபோது, மேடை ஒளி, உடை, ஒத்திகை ஒழுங்கு எல்லாவற்றிலும் அவர் பார்த்த அந்த உலகமும் உடன் வந்தது.

பாரிஸ் கலைஞர்களின் 42 வயது ஓய்வூதியத்துக்கு அடித்தளம் பதினான்காம் லூயி காலத்தில், 1698-இல் போடப்பட்டது. 2019-இன் இறுதியில் அரசு அதை நீக்க முனைந்தது. எதிர்ப்பு வலுத்ததும், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களைத் தொடமாட்டோம், 2022 ஜனவரிக்குப் பின் சேருகிறவர்களுக்கு மட்டும்தான் புது விதி என்றது. அதாவது ஆடிக்கொண்டிருந்த எவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பர் 24 அன்று, குளிரில், பாரிஸ் ஓப்பராவின் கார்னியே மாளிகை அரங்கின் வாசல்படிக்கு முன் விரிப்பை விரித்தார்கள். இசைக்கலைஞர்கள் கோட்டுடன் உட்கார்ந்து வாசிக்க, வெள்ளை உடுத்திய பெண்கள் வெறும் தோளுடன் 'ஸ்வான் லேக்' ஆடினார்கள், டிக்கெட் இல்லாமல், தெருவில் போனவர்களுக்காக. அப்போது நாந்தேரில் கம்பியைப் பிடித்து ப்ளியே பழகிக்கொண்டிருந்த எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த விதி 2050-ஐ ஒட்டித்தான் தேவைப்படும்.